மூன்றாம் அடியில் ஒரு மூச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்களுக்கு இளைப்பு குறைந்திருக்கிறதா? மருந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடாதீர்கள்.

நிரந்தர வேலை இன்னும் அமையவில்லை. கூப்பிடுகிற ஆலயத்துக்கெல்லாம் போய் ஆர்கன் வாசித்து, அங்கிருக்கும் பாடகர் குழுவையும் நடத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

போன ஞாயிறு ஒரு கூத்து. குழுவில் கீழ்க்குரலில் ஆல்டோ பாடும் ஒரே அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் வாசித்துக்கொண்டே நானே அந்தப் பகுதியைப் பாடினேன். சமையலறையில் நீங்கள் பாடிப் பாடி எனக்கு மனப்பாடமான பாட்டுதான். மூன்றாம் அடியின் நடுவில், எடுக்கவே கூடாத இடத்தில், நீங்கள் ஒரு மூச்சு எடுப்பீர்களே, அதற்கு உங்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! அதே இடத்தில் நானும் எடுத்தேன். கையும் ஆர்கன் கட்டையை விட்டு எழும்பிவிட்டது. குழு மொத்தமும் கப்சிப். பாட்டு முடிந்ததென்று நினைத்துப் போதகர், "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் அந்த அக்கா கம்மிய குரலில், "அங்க நிறுத்தச் சொல்லி யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"எங்கம்மா" என்றேன்.

ஒரு சின்ன உதவி. அந்த ஆல்டோவைப் பாடி, தங்கச்சியிடம் சொல்லி ஒரு கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். குழுவுக்குக் கற்றுத்தரத்தான். குக்கர் சத்தம் விழுந்தாலும் பரவாயில்லை.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். அம்மா, நான் திட்டுவேன் என்று அந்த இடத்தைத் திருத்திப் பாடிவிடாதீர்கள். மூச்சு எடுத்தே பாடுங்கள்.

உங்கள் மகன்