சுபோதினியின் கடைக்கு நான் போட்ட வரி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் தனஞ்சயனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், மஸ்கட் வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் எங்கள் மாடியின் லிஃப்ட் திரும்பவும் பழுது, அதனால் கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். பேத்தி யதுஷாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, தன்னுடைய பெயரைச் சொல்லும்போது கடைசி எழுத்துக்குப் பதிலாகக் காற்றுத்தான் வருகிறது, அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இந்தக் கிழமை முழுக்க மழை, நான் மரைன் டிரைவில் நடக்கப் போகவில்லை. மழை மட்டும் காரணம் இல்லை மகன், ஆட்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. போன் இருக்க அப்பா ஏன் கடதாசியில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் என்றால் நான் தொடங்கும்போதே நீ, சரி அப்பா, விடுங்கோ அப்பா என்பாய், நானும் அதுதான் சாட்டு என்று விட்டுவிடுவேன். கீழ்மாடி ரொனி மஸ்கட்டுக்கு வேலைக்குத் திரும்பி வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், தனியாக இருக்கும்போது வாசி.

எங்கள் மருமகள் சுபோதினியின் ஒன்லைன் கடையில் சனத்திடம் இல்லாத வரி அறவிட்டார்கள் என்று உன்னுடைய கூட்டாளி ஒருவன் சொல்லி நீ அவளோடு கோபித்தாய் அல்லவா. வரி அறவிட்டது உண்மை. ஆனால் அதைப் போட்டது சுபோதினி இல்லை, நான். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன், என்னை நல்லவனாகக் காட்டுவதற்காக ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

நீ போனபிறகு அவள் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு மொண்டிசூரிப் பள்ளிச் சின்னப் பிள்ளைகளின் மேடைக் கொன்சேட்டுக்கு உடுப்புத் தைக்கத் தொடங்கியது உனக்குத் தெரியும். வண்ணத்துப்பூச்சிச் செட்டை, முயல் காது, கரட், மழைமேகம் என்று எங்கள் வீட்டில் இப்போது கால் வைக்க இடமில்லை. தாய்மார் அவளுடைய வெப்சைட்டுக்குள் போய் உடுப்பையும் பிள்ளையின் அளவையும் தெரிவுசெய்து அங்கேயே காசு கட்டலாம். வேலை கூடியபோது கணக்கை நான் பார்க்கிறேன் என்றேன், சந்தோசப்பட்டாள். கோட்டையில் அந்தக் கம்பனியில் நான் கணக்குப் பகுதியில் இருந்த காலம் முழுக்க வற் என்கிற பெறுமதி சேர் வரி இல்லாமல் ஒரு பில் வெளியே போனதில்லை. அந்தப் பழக்கத்தில், இவளுடைய கடையில் வரி இல்லை என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. வரி போடாத கடை கள்ளக் கடை என்று சொன்னேன். லப்டொப்பை எடுத்து வைத்துக்கொண்டு நானே தேடிப் பிடித்தேன், நாடு இலங்கை என்று கொடுத்து, பதினெட்டு வீதம் என்று அடித்து, எல்லாப் பொருளுக்கும் என்று ஒரு அடையாளம் போட்டால் போதும், அதற்குப் பிறகு யார் எதை வாங்கினாலும் காசு கட்டும் பக்கத்தில் வரி தானாகவே கூடி வந்து நிற்கும். ஒரு முயல் உடுப்பை வாங்குகிறமாதிரிப் போய்ப் பரீட்சித்துப் பார்த்தேன், அந்த வரி தன்பாட்டில் வந்து நின்றதும் எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தைக் கேளாதே, நடக்கப் போன இடத்தில் பழைய ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்றைக்கே சுபோதினி கேட்டாள், அதை நீ அறிய வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டு, "மாமா, வற் எடுக்கிறதெண்டால் நாங்கள் முதல்ல பதிய வேணுமெல்லோ, எங்களிட்ட நம்பர் இல்லையே" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நீர் பிறக்க முந்தியே நான் உந்த வேலை செய்தனான் பிள்ளை, நீர் தையலைப் பாரும்" என்றேன். அவள் மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். ஆனால் அந்த வரிக் காசைத் தொடாமல் புறம்பாகவே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாமன்கடையில் மொண்டிசூரி நடத்துகிற பஹ்மிதா ரீச்சர் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்களிடம்தான் உடுப்புச் சொன்னார். ஒவ்வொரு தாய் தகப்பனும் தனித்தனியே காசு கட்டினார்கள், வரியோடு. அதில் ஒரு தகப்பனுக்குச் சந்தேகம் வந்து பில்லில் பதிவு நம்பர் எங்கே என்று கேட்டிருக்கிறார். சுபோதினி நெற் துணி வாங்கப் புறக்கோட்டைக்குப் போன நேரம் கடைப் போன் அடித்தது, நான் எடுத்தேன். "அங்கிள், பேரன்ட்ஸ் எல்லாம் கேக்குறாங்க, வற் நம்பர் என்னன்டு சொல்லுங்களே, நான் வட்ஸ்அப் குறூப்பில போட்டு விடுறன்" என்றார் ரீச்சர். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நேரத்தில் நான், தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். நான் சொன்னது, "எனக்கொண்டும் தெரியாது பிள்ளை, உதெல்லாம் மருமகள் செய்தது, அவவுக்குக் கணக்கு வழக்கு விளங்காது" என்று. வாயிலிருந்து வந்தபிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ரீச்சர் அதை அப்படியே, சுபோதினியும் இருக்கிற அந்தக் குறூப்பில் போட்டுவிட்டார், அவரில் என்ன பிழை, வீட்டுப் பெரியவர் சொன்ன வார்த்தை அல்லவா.

என்னோடு வேலை செய்த ஸ்ரான்லிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பொன்னம்பலம், எங்கட கம்பனி பதிஞ்ச கம்பனி. உம்மட மருமகள் பதிஞ்சவவோ? விற்பனை பெரிய அளவுக்கு வந்தால்தான் பதியிறது. பதியாத ஆள் வற் எண்டு சொல்லி ஒருத்தரிட்டயும் வாங்கக் கூடாது, அது குற்றம்" என்றார். சுபோதினி கேட்ட அதே கேள்வி. அவள் புறக்கோட்டையால் வந்து குறூப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லப்டொப்பைத் திறந்து நான் போட்ட வரியை நிறுத்தினாள், புறம்பாக வைத்த காசை ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பத் தொடங்கினாள். காசு போனாலும் பெயர் திரும்பவில்லை. ஹெவ்லொக் டவுனில் இன்னொரு மொண்டிசூரி சொன்ன ஓடரை நிறுத்திவிட்டது, வெட்டி வைத்த மஞ்சள் துணி எல்லாம் மூலையில் கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் நீ அவளுக்குப் போன் எடுத்தாய். நான் அதே அறையில் பேப்பரோடு இருந்தேன். உன் குரல் போனுக்கு வெளியே கேட்டது மகன். "சனத்தை ஏமாத்திப் பிழைக்கவோ உமக்குக் கடை போட்டுத் தந்தனான், அப்பாவின்ர பேரையும் கெடுத்துப் போட்டீர்" என்றாய். அப்பாவின் பெயர் என்று நீ சொன்னபோதாவது நான் எழும்பியிருக்க வேண்டும். நான் பேப்பரின் மற்றப் பக்கத்தைத் திருப்பினேன். சுபோதினி, "ஓம், சரி, ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்து, யதுஷாவுக்குச் சாப்பாடு தீத்தப் போனாள். அம்மா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "நான் அவனுக்கு எடுத்துச் சொல்லட்டோ? சொன்னனெண்டால் உங்களுக்குச் சுகமாப் போயிடும். சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். இத்தனை வருடத்தில் அம்மா என்னோடு அப்படிக் கதைத்ததில்லை.

அடுத்த நாள் சேர்ட் போட்டுக்கொண்டு பாமன்கடைக்குப் போனேன். கொன்சேட் ஒத்திகை, தாய் தகப்பன்மார் பிள்ளைகளை ஏற்ற வந்து நின்றார்கள், சுபோதினி தைத்த செட்டைகளோடு சின்னன்கள் ஓடித் திரிந்தன. ரீச்சரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று வாசல் வரைக்கும் ஒரு எண்ணம் இருந்தது. ஆனால் அவள் பெயர் கெட்டது எல்லோருக்கும் முன்னால், நான் மட்டும் தனியாகச் சொன்னால் சரியா? அதனால் எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன், வரியைப் போட்டது நான், பதிவு இல்லையே என்று மருமகள் சொல்லியும் நிறுத்தவில்லை, போனில் சொன்னதும் பொய் என்று. சிலர் கீழே பார்த்தார்கள். ஒரு தாய், பரவாயில்லை அங்கிள் என்றார். பஹ்மிதா ரீச்சர் மட்டும், "அங்கிள், அண்டைக்கே இத சொல்லியிருந்தா அவங்களுக்கு இவ்வளவு பேச்சு வந்திருக்காதே" என்றார். நியாயம்தானே. பிறகு குறூப்பிலும் எழுதினார், வாசித்தேன். ஹெவ்லொக் டவுன் ஓடர் வந்தபாடில்லை.

வீட்டுக்கு வந்து சுபோதினியிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எங்கள் ஆட்களின் வாயில் இலேசில் வராது, எப்படியோ கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தனஞ்சயன் ஏசினபோதாவது அது மாமா செய்தது என்று நீர் ஏன் பிள்ளை சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா, நீங்கள் அங்கதானே இருந்தீங்கள். இப்ப சொல்லுவீங்கள், இப்ப சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும்.

அன்று முதல் தேத்தண்ணி வழக்கம்போல வருகிறது, மருந்தை எடுத்து வைக்கிறாள், எல்லாம் சரியாகச் செய்கிறாள். கடைக் கணக்கைத் தானே பார்க்கிறாள், என்னிடம் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு எழுதுகிறேன், வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் மாமா என்றாள்.

நீ என்னில் கோபிப்பாய், கோபி, அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் தகப்பனுக்கு ஒரு குணம் இருக்கிறது, உனக்கும் அது இருக்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நீயும் அவளிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே மகன்.

பிள்ளையார் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, வேலையிடத்தில் கவனம். அம்மா ரொனியிடம் முறுக்கும் மிளகாய்த்தூளும் கொடுத்திருக்கிறாள், பக்கத்து அறைப் பொடியனுக்கும் கொடு. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, எனக்குப் போன் எடுக்காதே. சுபோதினிக்கு எடு. உன்னுடைய பிழையை முதலில் சொல், பிறகு அவள் கதைத்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாதே, எவ்வளவு நேரம் போனாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்னம்பலம்