ஆய்வு நாளில் ஓடிய மிஷின்

மாமா,

இன்று காலை கடையைத் திறந்ததும் ரெசின் பசை வாடை அடித்தது. பக்கத்து லாட்ஜின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டதாம். ஒரு ஆள் பைபர் துணியை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் அது உங்கள் சட்டை வாடை. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் "ரெண்டு காப்பி அண்ணா" என்று இரண்டு தடவை சொல்லியும் என் கை நகரவில்லை. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக உங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

சிதம்பரத்தில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் பாதி வக்கீல், பாதி ஜோசியன். எந்த மனுவுக்கு எந்த ஸ்டாம்பு, எந்த ஆபீசர் எப்போது சாப்பிடப் போவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரில்தான் உங்களையும் இழுத்துவிட்டேன்.

சுனாமி உங்கள் வள்ளத்தைக் கொண்டுபோன பிறகு நீங்கள் கடலை நம்பவில்லை. கடலூர் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் கிடந்து பைபர் வேலை கற்றுக்கொண்டு வந்தீர்கள். சுனாமி நிவாரணத்தில் ஊருக்கு இனாமாக வந்த பைபர் படகுகள் ஒவ்வொன்றாக விரிசல் விட ஆரம்பித்திருந்த நேரம். ஊர் வாசலில் ஒரு கொட்டகை போட்டு, உப்புத்தாள் வைத்துக் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஒட்டிக் கொடுத்தீர்கள். மிஷினில் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு உங்களுக்கு ஐந்து நாள் ஆகும். அக்கா உங்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவாள்.

சிறுதொழிலுக்கு அரசு மானியத்தோடு கடன் என்ற நோட்டீஸ் என் கடைக்குத்தான் முதலில் ஜெராக்ஸுக்கு வந்தது. ஒரு காப்பியை நான் எடுத்துக்கொண்டு மறு பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்தேன். நீங்கள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"கவர்மெண்ட் காசு கடல் தண்ணி மாதிரி மச்சான். பாக்க ஜாஸ்தியா இருக்கும், குடிக்க முடியாது" என்றீர்கள்.

நான் விடவில்லை. திட்ட அறிக்கை எழுதினேன். கம்ப்ரசருக்கும் கிரைண்டிங் மிஷினுக்கும் கொட்டேஷன் வாங்கினேன். கடலூரில் தேர்வுக் குழு முன்னால் உங்களை நிறுத்திவிட்டு, வெளியே வராந்தாவில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். "வருஷத்துக்கு எத்தனை படகு ரிப்பேர் செய்வீங்க?" என்று உள்ளே கேட்டார்கள். அறிக்கையில் நான் ஒரு எண் போட்டிருந்தேன். அதை உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தே கூட்டி வந்திருந்தேன். நீங்களோ, "கடல் எத்தன ஒடைக்குதோ அத்தன சார்" என்றீர்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தொலைந்தது என்று நினைத்தேன். உங்களைத் தேர்வு செய்துவிட்டார்கள்.

அப்புறம் பயிற்சி. தினம் விடியற்காலை பஸ் பிடித்துக் கடலூர் போய் வந்தீர்கள். ஒரு நாள் நோட்டைக் காட்டி, "சந்தைப்படுத்தல்னா இன்னா மச்சான்?" என்று கேட்டீர்கள். நம் பொருளை வாங்க ஆள் பிடிப்பது என்று சொன்னேன். "நம்ம ஊர்ல ஆள் புடிக்க வேணாம். பேர் கெடாம இருந்தா போதும்" என்று சொல்லி நோட்டை மூடினீர்கள்.

மிஷின் வந்து இறங்கிய நாள் உங்கள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்துவிட்டு அக்கா உங்களைக் கிண்டல் செய்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படிப் பல்லக் காட்டல." அதுதான் உங்கள் வீட்டில் நான் கேட்ட கடைசிப் பெரிய சிரிப்பு.

மானியம் உங்கள் பேரில் வங்கியில் தனியாக வந்து கிடந்தது. அதிகாரி நேரில் வந்து, மிஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்து, பயனாளியோடு படம் எடுத்து, தொழில் நடக்கிறது என்று எழுதினால்தான் அது கடனில் கழியும். இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடும். மார்ச் முடிய நான்கே நாள் இருந்தபோதுதான் நமக்குத் தேதி கிடைத்தது.

அன்றைக்கு விடியற்காலையில் தனம் அத்தை இறந்துபோனார்.

தனம் அத்தை யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அதை மறந்தவன் நான். சுனாமி அன்று உங்கள் பெண்ணைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியவர் அவர். தன் வீட்டில் இருந்த எதையும் எடுக்கவில்லை. "அவுங்க இல்லன்னா எம் பொண்ணு இல்ல" என்று அக்கா சொல்லாத நாள் கிடையாது.

ஊரில் ஒரு சாவு என்றால் பிணம் எடுக்கும்வரை படகு இறங்காது, வலை விரியாது, சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது. அத்தையின் மகன் சென்னையிலிருந்து வர வேண்டும், நாலு மணிக்குத்தான் எடுப்பார்கள் என்றார்கள். அதிகாரியோ பதினொன்றரைக்கு வருகிறார். அப்போதெல்லாம் தினமும் பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். இரண்டு மணிக்கு அவர் குறிஞ்சிப்பாடியில் இன்னொரு ஆய்வில் இருக்க வேண்டும். இதையெல்லாம் முந்தைய நாளே நான் போனில் கேட்டு வைத்திருந்தேன்.

உங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போய், "அஞ்சே நிமிஷம் மாமா" என்று கெஞ்சினேன்.

"நாலு வூடு தள்ளிப் பொணம் கெடக்குது. நான் மிஷின் போடறதா?"

"இன்னிக்கு வுட்டா மானியம் போச்சு. முழுக் கடனும் உங்க தலையில."

"போனா போவட்டும். அவருகிட்ட விஷயத்த சொல்லு மச்சான். சாயங்காலம் வரச் சொல்லு, இல்ல நாளைக்கு வரச் சொல்லு. அவரும் மனுஷந்தான?"

"ஆபீசருங்க அப்படியெல்லாம் வரமாட்டாங்க மாமா. உங்களுக்குத் தெரியாது."

"சொல்லிப் பாரு" என்றீர்கள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாடை கட்ட மூங்கில் வெட்டுகிற இடத்துக்குப் போய்விட்டீர்கள். என்னை நம்பித்தான் போனீர்கள்.

நான் சொல்லவில்லை மாமா. மெயின் ரோட்டிலேயே ஜீப்பை மறித்து ஏறிக்கொண்டு, சாவு வீட்டுப் பந்தல் கண்ணில் படாதபடி உப்பங்கழி ஓரமாக இருக்கிற பின் வழியில் கூட்டி வந்தேன். அழுது அழுது தொண்டை கட்டி ஊரே ஓய்ந்து கிடந்த நேரம். அதிகாரி இறங்கிப் பெயர்ப் பலகையைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். நல்ல மாதிரியான மனிதர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பயனாளி எங்கே?" என்று கேட்டார். கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. "இதோ வந்துருவாரு சார், அதுக்குள்ள நான் ஓட்டிக் காட்டுறேன்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன்.

அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது. கிரைண்டிங் மிஷினைக் கையில் எடுத்து ஒரு பழைய பலகையில் வைத்துத் தேய்த்தும் காட்டினேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினேன். அதிகாரி காமிராவை எடுத்துவிட்டார். வாசலில் நீங்கள் வந்து நின்றீர்கள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. என்னை நீங்கள் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. மிஷினை நிறுத்த நேராகப் போய் சுவிட்சில் கை வைத்தீர்கள். "அப்படியே நில்லுங்க" என்று அதிகாரி படம் எடுத்தார். அந்த நொடியில்தான் உங்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பார்த்தது ஓடுகிற மிஷினையும், சுவிட்சில் இருந்த உங்கள் கையையும்.

சாவு வீட்டில் பெண்கள் மறுபடியும் ஓங்கி அழுவது கேட்டது. அதிகாரி திடுக்கிட்டு, என்ன என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லியிருக்கலாமேப்பா. குறிஞ்சிப்பாடிய முடிச்சிட்டுச் சாயங்காலம் வந்திருப்பேனே" என்றார். அவ்வளவுதான். எல்லா ஆபீசரையும் கரைத்துக் குடித்தவன் நான். என் யோக்கியதை அந்த ஒரு வரியில் தெரிந்துபோனது.

பத்தாம் நாள் பஞ்சாயத்து கூடியது. மிஷின் போட்டது யார் என்று கேட்டார்கள். நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். நீங்கள் என் தொடையில் கை வைத்து அழுத்தினீர்கள். "நான்தான்" என்றீர்கள். ஒரு வருஷம் ஊரில் யாரும் உங்களிடம் படகு விடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். திரும்பி வரும் வழியில் நான் அழுதேன்.

"அழுவாத. ஒன் பேரச் சொன்னா இந்த ஊர்ல கால் வைக்க வுடமாட்டானுங்க. ஒங்க அக்காவுக்கு அம்மா வூட்டு ஆளுன்னு நீ ஒருத்தன்தான் இருக்கற. எனக்குன்னா வேலைதான் போவும்."

"அக்காகிட்டயாவது சொல்லலாம் மாமா."

"அவ வாய்ல நிக்காது. எம் மேல வந்த பழிய ஊரு முன்னாடி தொடைக்கக் கெளம்பிடுவா. கொஞ்ச நாள் போவட்டும்."

வேலை மட்டுமா போனது? அக்கா உங்களிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு அது தெரிந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். அவள் எனக்கு வஞ்சிர மீன் பொரித்துப் போட்டுவிட்டு, "செத்தவங்க முகத்த நெனச்சுப் பாத்தாரா இந்த மனுஷன்?" என்று என்னிடம் கேட்பாள். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பேன். இப்படியும் ஒருவன் உண்டா என்று இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மானியம் கழிந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். தாள் எல்லாம் சரியாக இருந்தது. படகு இல்லாத கொட்டகையில் கம்ப்ரசர் துணி போர்த்திக் கிடந்தது. நீங்கள் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போனீர்கள்.

வருஷக் கடைசியில் 'தானே' புயல் வந்து ஊரில் இருந்த படகுகளைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தது. மறுநாள் பஞ்சாயத்துத் தலைவரே கொட்டகை வாசலில் வந்து நின்றார். நீங்கள் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. துணியை எடுத்து உதறினீர்கள். கரண்ட் வர நாளாகும் என்று தெரிந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அன்றைக்குத்தான் அக்கா உங்களிடம், "சாப்ட்டுட்டு வேலையப் பாருங்க" என்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அப்புறமும் அளந்துதான் பேசினாள்.

பங்குனியில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தனம் அத்தைக்குப் பண்ணத நான் மன்னிச்சிட்டேங்க. மனசுல வச்சிக்காதீங்க" என்றாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் பிளாஸ்க்கோடு நின்ற என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறப்பேன் என்று எதிர்பார்த்தீர்களா, திறக்காதே என்றீர்களா? ஏழு மாதமாக எனக்குப் புரியவில்லை. நான் திறக்கவில்லை. நீங்கள் அக்காவிடம் "சரிம்மா" என்றீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள்.

இன்று அந்த வாடையோடு என்னால் உட்கார முடியவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அக்கா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் கை நிற்கவில்லை. தட்டு காலியாகும்வரை உரித்தாள். பிறகு கேட்டாள்.

"நான் மன்னிச்சேன்னு சொன்னப்ப நீ அங்கதான நின்ன?"

"ஆமாக்கா."

"அவரு யாரப் பாத்தாரு?"

"என்னை."

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒம்போது மாசம் அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்த பேசலியேடா நான். ஊருக்கெல்லாம் நீதான மனு எழுதிக் குடுக்கற. அந்த ஒம்போது மாசத்தத் திருப்பி வாங்க எந்த ஆபீசுக்கு எழுதணும், சொல்லு."

கடைக்குத் திரும்பி வந்து, மனு எழுதுகிற தாளிலேயே உங்களுக்கு இதை எழுதுகிறேன் மாமா.