காளானுக்கு ஒரு விண்ணப்பம்

வேலம்பாளையம்,
12 ஜனவரி 2024

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். ஐதராபாத் குளிர் இந்த வருஷமாவது உன் மூக்கை விட்டுவைத்ததா? புத்தாண்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பிக் கணக்கை முடித்துவிட்டாய். விடுதியில் ஒரே வாளியில் துணி நனைத்தவர்களுக்கு அது போதுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஆய்வுத் திட்டம் திரும்பி வந்துவிட்டது. பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியில் சிப்பிக் காளான் வளர்க்க நிதி கேட்டிருந்தேனே, அதுதான். காரணம் ஒரே வரி: "ஆய்வின் நோக்கம் தெளிவாக இல்லை." இருபது பக்கம் எழுதினேன், கலா. அதில் எங்கேயுமா நோக்கம் இல்லை?

எங்கள் கல்லூரியில் இதற்கு முன் யாரும் இப்படி விண்ணப்பித்ததில்லை. முதல்வரைக் கேட்டால், "நல்லா பெருசா எழுதுங்க மேடம், பெருசா இருந்தாத்தான் மதிப்பாங்க" என்கிறார். நீயோ எழுதிய திட்டங்களுக்கெல்லாம் நிதி வாங்குகிறவள். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மெயிலில் அனுப்பினால் போனிலேயே தள்ளிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று போடுவாய். பேனாவோடு உட்கார்ந்து படி. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன்
தபஸ்ஸும்


ஐதராபாத்,
27 ஜனவரி 2024

என் தபஸ்ஸு,

படித்தேன். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று நீயே எழுதிக் கொடுத்த தைரியத்தில் சொல்கிறேன்.

முதல் நான்கு பக்கம் திருப்பூர் வளர்ந்த கதை. அப்புறம் காளானின் சத்துகள். அதற்கப்புறம் இந்தத் திட்டம் பெண்களின் வாழ்வை மாற்றும், மண்ணைக் காக்கும், ஏற்றுமதியை உயர்த்தும். பாவம், ஒரு காளான் எவ்வளவுதான் செய்யும்? படிக்கிறவர் மேசையில் இதுபோல இன்னும் ஒரு அடுக்கு இருக்கும். மூன்றாம் பக்கத்திலேயே அவர் டீ குடிக்க எழுந்து போயிருப்பார்.

ஆனால் பதினொன்றாம் பக்கத்தின் அடியில், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறாய்: "துணியில் உள்ள சாயத்தைக் காளான் சிதைத்துவிடுகிறதா, தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறதா என்பது தெரியவில்லை." அடிப் பைத்தியமே, இதுதானே உன் ஆய்வு. படித்தவுடன் எனக்கே பதில் தெரிய வேண்டும்போல் இருந்தது. முதல் வரியில் வை. இந்தக் கேள்விக்கு உதவாத எதையும் அடித்துவிடு. முதல்வரின் வாழ்த்துரையையும்தான்.

இன்னொன்று, ஏசி கேட்டிருக்கிறாய். வேலை செய்ய ஆள் கேட்கவில்லை. காளான் பைகளை ஏசியா கட்டும்?

முதலில் சின்னதாக ஒரு சோதனை செய்து பார். உன்னால் முடியும் என்று அவர்கள் நம்ப வேண்டும். அதில் நன்றாக வந்ததை மட்டும் காட்டு. உன் வீட்டுக்காரர் இலியாஸ் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
சித்ரகலா


வேலம்பாளையம்,
16 மார்ச் 2024

அன்புள்ள கலா,

உன் கடிதத்தை முதலில் படித்த அன்று கோபம் வந்தது. மறுநாள் திரும்பப் படித்தபோது சிரிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் பதினோரு பக்கத்தை அடித்தேன். திருப்பூர் வளர்ந்த கதை போன பிறகுதான் என் காளானுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

இவருடைய பனியன் யூனிட்டின் பின்புறம் ஈரச் சாக்கு கட்டி, வெள்ளை, சிவப்பு, நீலம், கறுப்பு என்று தனித்தனிப் பைகளில் துணியை அவித்துக் காளான் விதையோடு அடைத்துத் தொங்கவிட்டேன். மூன்றாம் வாரம் சிவப்புப் பையில் காளான் விரிந்திருந்தது. அடியில் இருந்த துணி வெளிறிப் போயிருந்தது, கலா. சாயம் எங்கே போயிற்று? அங்கேயே நின்று இவரைக் கத்திக் கூப்பிட்டுவிட்டேன். மிஷினில் கை மாட்டிக்கொண்டதோ என்று பயந்து ஓடி வந்தார் மனுஷன்.

யூனிட்டில் கட்டிங் மாஸ்டர் ரத்தினசாமி அண்ணன் இருக்கிறாரே, அவர் தினமும் வந்து பார்ப்பார். "ஏனுங்க டீச்சர், பனியன்ல மொளச்சாலும் காளான் காளான்தானுங்களே? ஒரு கொழம்பு வெச்சுப் பாத்தறலாமுங்க" என்றார். "அதத்தானுங்ண்ணா கண்டுபுடிக்கோணும். அதுவரைக்கும் வாயில வெச்சுராதீங்க" என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

வெள்ளையிலும் நீலத்திலும் நன்றாக வந்தது. கறுப்பில் ஒன்றுமே முளைக்கவில்லை. நன்றாக வந்ததை மட்டும் காட்டு என்று எழுதியிருந்தாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. கறுப்புப் பையையும் படத்தோடு சேர்த்துவிட்டேன். கடைசி நாள் நெருங்கிவிட்டதால் உனக்கு மறுபடி காட்டாமலே நேற்று அனுப்பியும் விட்டேன். வருத்தமில்லையே?

உன்
தபஸ்ஸும்


ஐதராபாத்,
2 ஏப்ரல் 2024

தபஸ்ஸு,

சில மாதங்களுக்கு நான் எழுத மாட்டேன். போனும் செய்ய வேண்டாம். காரணத்தை இப்போது சொல்ல முடியாது. இங்கே எல்லோரும் நலம்தான். நானே எழுதுகிறேன்.

சித்ரகலா


வேலம்பாளையம்,
21 ஜூன் 2024

கலா,

எழுதாதே என்றாய். ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று சென்னையில் நிதிக் குழுவின் நேர்காணல். கதவைத் திறந்து உள்ளே போகிறேன், குழுவினர் நடுவே நீ. எனக்கு உயிரே வந்ததுபோல் ஆயிற்று. நீ என்னைப் பார்த்தாய். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டி நடந்து வெளியே போய்விட்டாய். உன் சொல்லை மீறிக் கறுப்புத் துணியைச் சேர்த்தது அவ்வளவு பெரிய குற்றமா?

அப்படியே திரும்பிவிடலாம்போல் பயமாக இருந்தது. இருந்தாலும் பேசினேன். கேள்வியை முதல் வரியில் சொன்னேன், நீ சொல்லிக்கொடுத்தபடி. தலைவர் என்ன கேட்டார் தெரியுமா? "கறுப்புத் துணியில் ஏன் முளைக்கவில்லை?"

"தெரியலீங்க சார். தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்திருக்க மாட்டேனுங்க" என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கேள்விமேல் கேள்வி. எனக்குப் பயம் போய்விட்டது. வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வெளியே வந்து உன்னைத் தேடினேன். நீ இல்லை.

முடிவு எப்படியோ இருக்கட்டும். நீ எழுந்து போனதுதான் ஊர் வந்து சேரும்வரை கண்ணுக்குள்ளேயே நின்றது.

தபஸ்ஸும்


ஐதராபாத்,
30 ஆகஸ்ட் 2024

என் கண்ணான தபஸ்ஸு,

இன்று காலை தேர்வானவர்கள் பட்டியல் வெளியாயிற்று. இனி எழுதலாம்.

மார்ச் கடைசியில் என்னை அந்தக் குழுவுக்கு அழைத்தார்கள். "விண்ணப்பித்தவர்களில் ஒருத்தி என் தோழி. அவள் எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். நான் வரவில்லை" என்றேன். அந்த ஒரு விண்ணப்பத்தின்போது மட்டும் வெளியே போய்விட்டால் போதும், முடிவு வரும்வரை உன்னோடு பேசக் கூடாது, குழுவில் இருப்பதையும் சொல்லக் கூடாது என்றார்கள். நான் உட்கார்ந்திருந்தால் உனக்குக் கிடைப்பது உன்னுடையதாக இருந்திருக்காது.

வெளியே நடைபாதையில் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, உன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்களா என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நீ வெளியே வருமுன் மாடிக்கு ஓடிவிட்டேன். பார்த்தால் கட்டிக்கொண்டுவிடுவேன் என்று பயம். ஜூனில் நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அது நல்ல சிரிப்பு என்று தெரிந்தது. படித்துவிட்டுப் பதில் போட முடியாமல் இருந்த இந்த இரண்டு மாதம் இருக்கிறதே, அதைப் பேசாமல் விடுகிறேன்.

கறுப்புத் துணி விஷயத்தில் நீ செய்ததுதான் சரி. நான் சொன்னது தப்பு. பட்டியலில் மேலிருந்து மூன்றாவது பெயர் உன்னுடையது. பார்த்தாயா இல்லையா?

உன்
கலா


வேலம்பாளையம்,
8 செப்டம்பர் 2024

என் கலா,

பார்த்தேன். பார்த்துவிட்டு, இவரை ஒருமுறை படிக்கச் சொன்னேன். பிறகு என் மாமியாரைப் படிக்கச் சொன்னேன். மாமி பிழையில்லாமல் என் பெயரை வாசித்த பிறகுதான் நம்பினேன். உன் கடிதம் வந்த அன்று மட்டும் யாரிடமும் காட்டாமல் நானே வைத்துக்கொண்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

கல்லூரியில் ஒரே கலகலப்பு. அருள்புரத்தில் ஒரு சின்னச் சாயப்பட்டறைக்காரர் தானே தேடி வந்து, எந்தத் துணியில் என்ன சாயம் என்று எழுதித் தருகிறேன் என்கிறார். இயற்பியல் கியாசுதீன் சார் தன் திட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் ஐந்து பக்கம் சூரியனின் பெருமை. "சார், உங்க கேள்வி எந்தப் பக்கத்துலீங்க இருக்குது?" என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறாய். டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடாதே.

உன்
தபஸ்ஸு