செலவு போக மிஞ்சியது

ஓசூர்
12-2-1984

அன்புள்ள இசபெல்லா அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டுக்கொள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது.

அப்பா விட்டுப்போன சொத்துக்கு எஸ்டேட் டியூட்டி கட்ட வேண்டும். சாவதற்கு முந்தின இரண்டு வருடத்தில் அவர் யாருக்காவது கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து வரி போடுவார்களாம். மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்ததும், வருடா வருடம் ஒரு தொகையைப் பாங்கிலிருந்து எடுத்திருக்கிறார். உனக்குத்தான் என்று இன்னாசி சித்தப்பா சொன்னார். நீ மாதேஸ்வரன் மச்சானைக் கட்டிக்கொண்டதற்கு, உன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று கோயில் வாசலில் சத்தியம் செய்த மனிதர் அப்பா.

போகட்டும். வழக்கமாகக் கொடுத்து வந்தது, தன் செலவு போக மிஞ்சியதில் கொடுத்தது என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்கிறார் ஆடிட்டர். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கதை எழுதாதே.

தம்பி,
அருள்நாதன்


சேசு மரி சூசை துணை

அதியமான்கோட்டை
20-2-1984

அன்புத் தம்பிக்கு,

மச்சானும் பையனும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா அடக்கத்தன்று தூர நின்று பார்த்தேன், கழுத்தெலும்பு தெரிகிறது உனக்கு.

அப்பா வந்தது உண்மை. சத்தியத்தையும் மீறவில்லை. வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்காருவார். சோற்றை அங்கேயே கொண்டுபோய்ப் போடுவேன். மாங்காய்க் கூடையின் அடியில் பணம் இருக்கும். எதுக்குப்பா இவ்வளவு என்றால், "மிச்சந்தான் சாமி, வெச்சுக்க" என்பார்.

போன வருடம் வந்தவர் பக்கத்து வீட்டு வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பண்ணலையா என்று கேட்டேன். "டாக்டரு வேண்டாம்னுட்டாரு" என்றார்.

டாக்டர் அப்படிச் சொன்னாரா தம்பி? அது தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

உன் அக்கா,
இசபெல்லா


ஓசூர்
9-4-1984

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலத்துக்குக் கூட்டிப்போனவன் நான். உடனே செய்யச் சொன்னார். "கையில மிச்சமில்லடா, அடுத்த மாங்காய்க்குப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. நான் தருகிறேன் என்றதற்கும் பிடி கொடுக்கவில்லை. அடுத்த மாங்காய்க்கு உன் வாசலுக்கு வந்திருக்கிறார்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன்மேல் கோபமாக இருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். நீ கேட்டு வாங்கவில்லை என்பது மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது.

மிஞ்சியது என்று எழுத எனக்கும் கை வரவில்லை. மிஞ்சியதில் கொடுத்தது அல்ல என்றே எழுதிக் கொடுத்தேன். "வர்ற சலுகையை வேண்டாங்கற ஆளை இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார் ஆடிட்டர். வரியைக் கட்டியாயிற்று. உன் பங்கு என்று எதையாவது அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

மாங்காய் இறங்கியதும் கூடையோடு வருகிறேன். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. எனக்குச் சோற்றை உள்ளே போடு.

தம்பி,
அருள்நாதன்