ரத்னாவின் பொம்மைக்கு நான் வெட்டிய கால்

றொசல்ல
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் ஷாமிலாவுக்கு, மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நீயும் உன் அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் இங்கே சுகம் என்றுதான் முதலில் சொன்னேன். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பெற்றீசியா டீச்சர் அதை எழுதப் பேனாவை வைத்தார், நான்தான் நிறுத்தச் சொன்னேன். அம்மா சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓர் இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், குடித்த தேத்தண்ணி பாதியில் ஆறிக் கிடக்கிறது. ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் எல்லாவற்றுக்கும் ஆமா ஆமா என்பேன், அப்படிச் சொன்ன ஓர் ஆமாவால்தான் இந்தக் கடிதமே. டீச்சர் எழுதி முடித்ததும் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவார். தாளைக் கீழ் லயத்து வீட்டு நிரோஷன் சனிக்கிழமை துபாய்க்கு வரும்போது பொம்மையோடு கொண்டு வருவான்.

பொம்மையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதல் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளாக மழை விடவில்லை, கூரைத் தகரத்தில் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்திருக்கிறது, உன் அண்ணன் றிச்சர்ட் கொழும்பிலிருந்து வந்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம். அம்மா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாள். நீ அனுப்பிய சுவெட்டரை எனக்குத் தராமல் தானே போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போகிறாள். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன், எவ்வளவு நேரம் தள்ளிப் போடுவது.

நிரோஷன் லீவில் வந்தபோது, அங்கே உன்னிடம் தைக்கக் கொடுக்கிற ரத்னாவுடைய பொம்மையை அவனிடம் கொடுத்தனுப்பினாய். அதைத் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்ணாக மாற்ற வேண்டும், புடவையை நீ அங்கே தைத்துக்கொள்வாய், நான் கூடை, தலைக்கயிறு, இடுப்பில் கட்டுகிற படங்கு, செடியில் மட்டம் பார்க்கிற கம்பு, இந்த நாலை மட்டும் அதன் அளவுக்குச் செய்து தந்தால் போதும் என்று ஃபோனில் நாலு விரலைக் காட்டிச் சொன்னாய். நாலையும் செய்தேன். விளக்குமாற்று ஈர்க்கை ஊறவைத்து இரண்டாகக் கிழித்துக் கொய்யாப்பழ அளவில் கூடை பின்னினேன், மூன்று பிரிந்துபோய் நாலாவதுதான் கூடையாக நின்றது. படங்குக்கு உரச்சாக்கின் உள்தாளை வெட்டினேன். கயிறு அந்த வழுக்குத் தலைமயிரில் நிற்காமல் நழுவியது, அம்மாதான் தன் பழைய பாவாடைத் துண்டை மடித்துத் தலையில் கட்டிவிட்டு, கயித்த நெத்தியில போடாதீங்க, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால போடணும், ஒரு நாளாவது கூடைய தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும் என்று என்னை ஏசினாள்.

எல்லாவற்றையும் மாட்டி நிறுத்தினால் பொம்மை மல்லாக்க விழுகிறது. மேசையில் வைத்தேன் விழுந்தது, லயத்துக்குப் பின்னால் சரிவில் வைத்தேன் ஆறு தடவை விழுந்தது. அதன் கால் அப்படி, மகளே. குதிகால் மேலே தூக்கி, விரல் நுனி மட்டும் கீழே. உயரமான சப்பாத்துக்காகச் செய்த கால் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மலையில் எந்தப் பெண் நுனிக்காலில் நின்று கொழுந்தெடுத்தாள்? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவனுக்கு மட்டத்தைத் தாண்டி ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. கத்தியை எடுத்தேன், கணுக்காலுக்குக் கீழே ஒரே இழுப்பு, இரண்டு காலும் முடிந்தது. ரப்பர், மெழுகு போல அறுந்தது. பிறகு தேயிலைக் குச்சியில் வேறு பாதம் செதுக்கினேன். மாதிரிக்கு அம்மாவை மர வாங்கில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். கலியாணத்தன்னைக்குக்கூட என் காலப் பாக்கல, இப்பவாவது பாருங்க என்று சிரித்தாள். அந்த அகன்ற பாதத்தையும் விலகி நிற்கிற பெருவிரலையும் அப்படியே இறக்கி ஒட்டினேன். நின்றது. கூடையோடு சரிவிலும் நின்றது. பக்கத்து வீட்டுச் சுதர்ஷினி மலையிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டு, ஐயோ மாமா, பொம்மைக்கும் கவ்வாத்து பண்ணிப்புட்டீங்களா, இனி துளிர் வர நாலு மாசமாகுமே என்றாள். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது பொம்மை நல்லாருக்காப்பா என்று கேட்டாய். ஆமா, ஜம்முனு நிக்கிது என்றேன். எப்படி நிற்கிறது என்று சொல்லவில்லை. பொம்மை கைக்கு வந்து பார்க்கும்போது சந்தோஷப்படுவாய் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியதும் உண்மை. செவ்வாய்க்கிழமை நிரோஷன் பொம்மையை வாங்க வந்து காலைப் பார்த்ததும் வாயில் கை வைத்தான். மாமா, ஷாமிலா அக்கா சொல்லலியா, நோட்டன் பிரிட்ஜ் தோட்டத்தில அந்த ரத்னா அக்கா அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினப்ப, அவங்க அம்மா கொழுந்துக்குப் போற உடுப்போடயே அட்டனுக்குக் கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடுத்ததாம், அம்மா போன வருசம் தவறிட்டாங்க, அவங்க மாதிரியே ஆக்கி வச்சிக்கணும்னுதான் குடுத்திருக்காங்க என்றான். ரத்னாவுக்காக நீ கடையில் வாங்கிய பொம்மை என்றல்லவா நான் நினைத்தேன்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புடவைய இறக்கிக் கட்டினா கால் தெரியாது என்றான் நிரோஷன். கொழுந்தெடுக்கிறவ புடவைய மண்ணுல இழுத்துக்கிட்டா போவா, அந்தப் பிள்ளைக்கு அது தெரியாதாடா என்று அம்மா அவன் வாயை அடைத்தாள். ஆனால் அவளே அப்புறம், ஷாமிலாகிட்ட மட்டும் சொல்லுங்க, அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேணாம் என்கிறாள். இந்த இடத்தில் டீச்சரும் பேனாவை வைத்துவிட்டு, ஐயா இதெல்லாம் எழுதணுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன். உனக்குப் பன்னிரண்டு வயதில், திருநாளுக்கு முதல் புதன்கிழமை, உன் குச்சிப் பொம்மைக்குச் சட்டை தைக்க அம்மாவுடைய ஊதாப் புடவையில் கரையை வெட்டிவிட்டு, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாய். வெட்டியதற்கு நான் அடிக்கவில்லை, மறைத்ததற்குத்தான் அடித்தேன். ஈர்க்கால் மூன்று அடி. அது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

ஆகையால் நீ ரத்னாவிடம் சொல்ல வேண்டும், பொம்மை கைக்கு வருவதற்கு முதலே சொல்ல வேண்டும். அப்பா வயசாளி, தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காகப் பேசாதே. எனக்குக் கண் தெரிகிறது, கை நடுங்குவதில்லை, தெரிந்துதான் வெட்டினேன். அது யார் வாங்கிக் கொடுத்தது என்பதுதான் தெரியாது. என் நம்பரைக் கொடு, ஏச வேண்டியதை என்னிடமே ஏசட்டும், இந்தத் தடவை ஆமா என்று சொல்லாமல் முழுதாகக் கேட்பேன். இதனால் உன்னிடம் தைக்கக் கொடுக்கிற மற்றவர்களும் விலகிப்போவார்களோ என்ற பயம் வேறு என்னைப் பிடுங்குகிறது. செதுக்கிய பாதத்தை மெல்லிய பசையில்தான் ஒட்டியிருக்கிறேன், வேண்டாம் என்றால் சுடுதண்ணியில் கழன்றுவிடும். வைத்துக்கொள்வதானால் பொம்மை இப்போது சுண்டுவிரல் அகலம் குள்ளம், புடவையை அந்த அளவு குறைத்துத் தை. வெட்டிய துண்டு இரண்டையும் எறியவில்லை. நேற்று வெளிச்சத்தில் பார்த்தேன். விரல் நகத்துக்குக் கம்பெனி பூசிய ரோஸ் நிறம் உதிர்ந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் யாரோ நிரப்பியிருக்கிறார்கள். இடது காலில் கோடு வெளியே போயிருக்கிறது, சின்னக் கை. வெட்டும்போது நான் அதைப் பார்க்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மங்கிய வெளிச்சத்தில் தைக்காதே, முதுகு நோவுக்கு அம்மா தைலம் அனுப்பியிருக்கிறாள். உன் கைத்தொழிலும் உன் பெயரும் கெடாமல் இருக்க மாதாவிடம் மன்றாடுகிறோம், எங்கள் இருவருடைய ஆசீரும் உன் தலைமேல் இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. பொதிக்குள் நூல் சுற்றிய ஒரு தீப்பெட்டி இருக்கும். குச்சி என்று நினைத்து அடுப்படியில் வைத்துவிடாதே. ரத்னாவைப் பார்க்கும்போது அதை முதலில் கையில் கொடு, பொம்மையைப் பிறகு கொடு.

இப்படிக்கு உன் அப்பா,
பத்திநாதன், இடது பெருவிரல் அடையாளம்