பத்தாம் நம்பர் ஸ்பேனர்

இன்று காலை மாப்பிள்ளையின் கார் 'டக்' என்றது. அவ்வளவுதான், வேறு சத்தமே இல்லை. நம் மகளும் அவரும் காரியாபட்டிக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் பால் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் கை தானாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்த் துழாவியது. ஸ்பேனர் அங்கேதான் கிடந்தது. உங்கள் கை வியர்வையில் கறுத்துப்போன அதே பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஈரக்கையோடு அதை எடுத்து முந்தானையில் துடைத்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீங்கள் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது மட்டும் நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தீர்களாக்கும்? மளிகைச் சீட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் கடைக்காரரிடம் நீட்டுகிற ஆள்தானே நீங்கள்.

நம்முடைய அந்தப் பழைய வெள்ளைக் காரும் இப்படித்தான் நம்மைப் படுத்தியது. ஒரு நாள் சாவியைத் திருகினால் சமத்தாகக் கிளம்பும். மறுநாள் 'டக்'. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், என்ஜினைச் சுழற்றிவிடுகிற செல்ப் மட்டும் எடுக்காது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வீர்கள். தள்ளிக் கிளப்பி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே எத்தனை முறை திருகினாலும் உடனே ஸ்டார்ட் ஆகும். பேட்டரியை மாற்றிப் பார்த்தார், செல்ப் மோட்டாரைப் பிரித்து மாட்டினார், சாவி ஸ்விட்ச்சையும் புதிதாகப் போட்டார். நாலு நாள் ஒழுங்காக ஓடும். நாம் நிம்மதியாக மூச்சு விட்டதும் மறுபடி 'டக்'.

ஆனைக்குட்டம் பள்ளிக்கூட டீச்சர்மார்தான் நமக்கு நிலையான சவாரி. தினமும் காலையில் அவர்களைக் கொண்டுபோய் விட வேண்டும். மணி அடித்த பிறகு போய் இறங்கி, தலைமையாசிரியரிடம் ஏச்சு வாங்கி அலுத்துப்போய், ஒரு நாள் அவர்களில் மூத்தவர் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கிடுவோம், தப்பா நெனைக்காதீக." அந்தச் சவாரி போனால் வீட்டில் உலை கொதிக்காது. திரும்பவும் பட்டாசுக் கம்பெனி வாசலை மிதிக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் நீங்கள் போர்மேன். உங்கள் தங்கச்சி அங்கேயே வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தாள். சீசன் நேரத்தில் அந்த அறை தீப்பிடித்தது. இரும்பு உரசிக் கிளம்பிய பொறி என்றார்கள். எதிர் அறை வாசலில் நின்றிருந்த நீங்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் அந்த வேலையை விட்டுவிட்டுக் கார் ஓட்ட வந்தீர்கள். தங்கச்சியைப் பற்றி அப்புறம் நீங்கள் வாய் திறக்கவே இல்லை, நானும் கிளறவில்லை.

ஒரு சாயங்காலம் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க வாசலுக்கு வந்தேன். பானட்டைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தீர்கள். பேட்டரி வயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய துணியைச் சுற்றி, பிள்ளையைப் படுக்கப்போடுவது போல ஓரமாக வைத்தீர்கள். இதென்ன கூத்து என்று கேட்டேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் கழற்றுவதும் விடிந்தால் மாட்டுவதும் வழக்கமாம்.

"வயரு மாட்டியிருந்தா கரண்டு இருக்கும். கரண்டு இருந்தா பொறி இருக்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் புள்ள உறங்குது."

இதை ஏன் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுப்பதையெல்லாமா டாக்டரிடம் சொல்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

மாட்டிக் காட்டச் சொன்னேன். நட்டை முறுக்கிய பிறகும், வயர் முனையில் பேட்டரியைக் கவ்வுகிற வளையம் என் கைக்கு ஆடியது. தினமும் கழற்றி மாட்டித் தேய்ந்துபோய், சில நாள் நன்றாகக் கவ்வும், சில நாள் பட்டும் படாமலும் கிடக்கும். விளக்கு எரிய அது போதும், செல்ப் சுற்றப் போதாது. ஓட்டிக்கொண்டு போகிற குலுங்கலில் அது சரியாக உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் மெக்கானிக் கையில் அகப்படவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு புது வளையம் போட்டுக் கொடுத்தார். இனிமேல் கழற்றவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

கழற்றாமல் விட்டோம். விடிந்து நான் கோலம் போட வந்தால், ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாளும் அப்படியே. அந்தச் சிவந்த கண்ணோடுதான் டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். அன்று சாயங்காலமே ஸ்பேனரை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். கழற்றுவது, மாட்டுவது, ஆட்டிப் பார்ப்பது, தேய்ந்தால் வேறு வாங்கிப் போடுவது எல்லாம் இனி என் பாடு, நீங்கள் உறங்கினால் போதும் என்றேன். நீங்களும் போய்ப் படுத்தீர்கள்.

அன்றிலிருந்து வண்டி ஒரு காலையும் நம்மை ஏமாற்றவில்லை. டீச்சர்மாரும் வேறு வண்டி தேடவில்லை. பொழுது சாய்ந்தால் கட்டிலிலிருந்து உங்கள் குரல் வரும். "கழட்டியாச்சா?" நான் வாசலிலிருந்தே, "கழட்டியாச்சு, உறங்குங்க" என்பேன். மழை பெய்தால் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழற்றுவேன். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த நாட்களிலும் இந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. கழற்றாமல் கழற்றியாச்சு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி உறங்கப் போனவர்தான் ஒரு நாள் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. கட்டிக்கொடுத்த மகளைக் காரியாபட்டியிலிருந்து கூட்டி வர வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சாவியை வாங்கிக்கொண்டு போனார். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. வண்டியும் துக்கம் காக்கிறது என்று யாரோ சொல்ல, பெண்கள் இன்னும் பெரிதாக அழுதார்கள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் காரணம் தெரியும். அவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வயரு கழண்டு கெடக்கு மதினி, இந்தா மாட்டிருதேன்" என்று குரல் கொடுத்தார்.

நான் எழுந்து ஓடினேன். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டாதீக தம்பி. அவுக உறங்குறாக."

துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகளைக் கூட்டி வர வேறு வண்டி பிடித்தார்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் அந்த வயரை யாரையும் தொட விடவில்லை நான்.

இன்று மாப்பிள்ளையின் காரிலும் அந்த வளையம்தான் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டேன், கிளம்பிவிட்டது. இதெல்லாம் எங்கே கற்றீர்கள் அத்தை என்று ஆச்சரியப்பட்டார் அவர். நம் மகள் மட்டும் என் கையில் இருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு போனாள்.

நம் வண்டியை விற்று ரொம்ப நாளாகிவிட்டது. அது நின்ற இடத்தில் இப்போது துணி காயப்போடுகிறேன். ஆனாலும் விளக்கு வைத்ததும் வாசலுக்கு வந்து, தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உள்பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.

கழட்டியாச்சு. உறங்குங்க.