முதலில் வண்டி, பிறகு ரிமோட்

அன்பு மகன் நோயலுக்கு, ராயபுரத்திலிருந்து அம்மா ஆலிஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், உனக்கு அந்தக் குளிரில் மார்ச்சளி விட்டதா? சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம்.

நீ ஆரம்பித்த ரிமோட் கார் பந்தயத்தை இப்போது நான்தானே குடோன் மைதானத்தில் நடத்துகிறேன். சொந்தக் கார் இல்லாதவர்களும் புதிதாய் வருகிறவர்களும் ஓட்டட்டும் என்று நீ வேகத்தைப் பாதியாக்கி வைத்துவிட்டுப் போன மூன்று கார்களில், மீன் விற்கிற மலிகாகூட இப்போது கவிழ்க்காமல் வளைக்கிறாள். இந்த வாரம் தையல் கடை சினேகா முதன்முதலாய் வந்தாள், பயந்து பயந்து ஓட்டியவள் மூன்றாம் சுற்றில் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு மணிக் கோயில் மணி அடித்தது. மணி அடித்தால் நம் வீட்டில் டிவி, மிக்ஸி எதுவானாலும் அணைத்துவிட்டுத்தானே ஜெபம் சொல்வோம்? அந்தப் பழக்கத்தில் அவள் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அணைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிலுவை போட்டுக் கண்ணை மூடினேன். கார் நிற்கவில்லை ராசா. கேட்டைத் தாண்டித் துறைமுக லாரிகள் போகிற ரோட்டுக்கே ஓடிவிட்டது. அதைப் பிடிக்க அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஓடினாள். கண்டெய்னர் லாரி பிரேக் போட்ட சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தேன். அவளுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. ஐயோ, இப்போது மணி அடித்தால் கண்ணை மூட முடியவில்லை.

எல்லோரும் அவளையே திட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்து, ஓட்டத் தெரியாத பொண்ணு கைல இன்னாத்துக்கு மே ரிமோட்ட குடுத்த, உயிரு போயிருந்தா என்று கத்தினார். அவளோ, நீங்க வாங்கறதுக்கு மின்னாடியே நான்தான் எத்தையோ அமுக்கிட்டேன் ஆன்ட்டி என்று அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நீ எழுதிச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தேன். முதலில் வண்டியை அணைக்கவும், பிறகுதான் ரிமோட்டை, மாறினால் வண்டி தன் போக்கில் ஓடும் என்று இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் நானே வாசித்துக் காட்டுகிற தாள் அது.

அப்பா கேட்டில் பழைய மீன் வலையைக் கட்டிவிட்டார். சினேகா இனி வரமாட்டாளாம், மலிகாவிடம் சொல்லியனுப்பினாள். அவள் அம்மா என்ன கேட்பாளோ, தெரு என்ன பேசுமோ என்று பயமாய் இருக்கிறது, ஆனாலும் இதை உறையில் போட்டதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ரோட்டைத் தாண்டும்போது காதில் பாட்டு வேண்டாம். மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இது கிடைத்ததும் போன் பண்ணி, சினேகா வீட்டுக்குப் போனாயா என்று கேள். நான் வேறு பேச்சு பேசினால் விடாதே.

உன் அம்மா,
ஆலிஸ் சவரிநாதன்